விரிசல் விட்ட ஐந்து ராண்ட்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில், சாவிக் கிண்ணத்தில் கிடக்கும் சில்லறையை யாரும் தொடக் கூடாது என்று நான் சட்டம் போட்டுப் பல ஆண்டுகளாகின்றன. அதை மதித்து நடப்பவன் நான் ஒருவனே. சென்ற மாதம் அந்தக் கிண்ணத்தில், மண்டேலாவின் 90ஆவது பிறந்தநாளுக்காக 2008இல் வெளியான ஐந்து ராண்ட் நாணயம் ஒன்றை வைத்திருந்தேன். அது பெரும் விலைக்குப் போகும் என்று கல்யாணப் பந்தி வரை இங்கே பேச்சு உண்டு; கைமாறிப் புழங்கிய நாணயத்துக்கு ஐந்து ராண்டுக்கு மேல் கிடைப்பது அரிது. ஆனால் என்னுடையதில் மண்டேலாவின் நெற்றியிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு ஓடியது; நகத்தால் தடவினால் மேடு தட்டியது. பள்ளமாக இருந்தால் அது வெறும் கீறல். நாணயம் அடிக்கும் எஃகு அச்சு அடி தாங்காமல் விரிசல் விட்டால்தான், அழுத்தத்தில் நாணயத்தின் உலோகம் அந்த இடுக்கில் பிதுங்கி ஏறி, இப்படி மேடாக நிற்கும்.

சனிக்கிழமை கடைக்குப் போய் வந்த என் மனைவி, கார் காவல் பார்க்கும் பெரியவருக்கு அந்தக் கிண்ணத்துக் காசைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நான் செருப்பை மாட்டக்கூட மறந்து வண்டியை எடுத்தேன்.

பெரியவர் பையிலிருந்த காசையெல்லாம் என் காரின் பானெட்டில் கொட்டினார். லென்சும் கையுமாக நான் குனிந்து தேட, விஷயம் என்னவென்று கேட்டார். அச்சில் விரிசல் என்றேன். "பழுதான காசையா உங்கள் வீட்டம்மா எனக்குக் கொடுத்தார்?" என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, 1892இல் பெர்லினில் அடித்த, டிரான்ஸ்வால் அதிபர் க்ரூகரின் உருவம் பொறித்த நாணயங்களில், ஒற்றை ஏர்க்கால் இருக்க வேண்டிய, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் வண்டிக்கு இரட்டை ஏர்க்கால் போட்டுவிட்டதையும், அந்தத் தப்பு வண்டியை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குவதையும் விரிவாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்ட பெரியவர், தேடிய காசைத் தாமே பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டு, ஐம்பது ராண்ட் என்றார்.

கொடுத்தேன். மறுவாரம் எனக்காக மூன்று காசுகளைத் தனியே முடிந்து வைத்திருந்தார், மூன்றும் கீறல்கள். வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது யார் காசு கொடுத்தாலும், நகத்தால் தடவிப் பார்த்த பிறகே நன்றி சொல்கிறார்.