பர்லியார் இறக்கத்தில் ஆடிய ஸ்டியரிங்

முதலில் கவனித்தது அம்மாதான். "பிரேக் போடுறப்ப காலுக்குக் கீழே கிடுகிடுங்குது, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார். ஐப்பசி மழை சற்று விட்டிருந்த காலை. மாதம் ஒருமுறை போகும் கண் பரிசோதனைக்காகக் குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பர்லியார் நெருங்கும்போது எனக்கும் தெளிவாகத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கைக்குள் இடமும் வலமுமாகத் துடித்தது. காலை எடுத்தால் நின்றுவிட்டது. மேலே வெலிங்டன், அருவங்காடு என்று தினமும் பள்ளிக்கு ஓட்டும்போது இப்படி எதுவும் இல்லை.

14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. அங்கே பிரேக் மேல் சந்தேகம் வந்துவிட்டால் மனம் என்ன பாடுபடும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று இரண்டாம் கியரிலேயே கல்லாறு வரை இறங்கினேன். அதற்கப்புறம் மூன்று மாதம், மூன்று கடைகள். எங்கள் பள்ளியில் இன்னும் இரண்டு பேர் இதே ஆட்டத்துக்கு டிஸ்க்கை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) மட்டும் மாற்றி, மாற்றிய சில மாதத்தில் மறுபடியும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது 2014இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கிடையாது. இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஏபிஎஸ் உள்ள காரில் ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் பெடல் காலை உதைக்கும். அது அதன் வேலை, குறை இல்லை. மெதுவாக மிதிக்கும்போதே ஆடுகிறதென்றால்தான் தேட வேண்டும்.

முதலில் போனது டயர் கடைக்கு. "பேலன்ஸிங் போயிருக்கும்" என்றார்கள். நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸிங், கூடவே அலைன்மென்ட். ஆட்டம் அப்படியே இருந்தது. சக்கரம் பேலன்ஸ் இல்லாவிட்டால் பிரேக் போடாதபோதும் ஆடும். அதுவும் குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் எண்பதுக்கு மேல்தான் தெரியும். என் கார் பிரேக் போட்டால் மட்டுமே ஆடியது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை, கடையிலும் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "டிஸ்க் பெண்டு" என்று சொன்னார்கள். இரண்டு டிஸ்க்கையும் கழற்றி லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி மாட்டினார்கள். அடுத்த நாள் கார் வெண்ணெய் மாதிரி நின்றது. அந்த மாதம் அம்மாவை நிம்மதியாகக் கூட்டிப்போய் வந்தேன். ஐந்தாவது வாரம் காட்டேரி தாண்டும்போது லேசாக ஒரு நடுக்கம். அடுத்த முறை பர்லியாருக்குள் பழைய ஆட்டம் முழுதாகத் திரும்பிவிட்டது.

சீவியதும் சரியாகி, ஓட ஓட மறுபடி வருகிறதென்றால், டிஸ்க்கைக் கெடுக்கிற ஏதோ ஒன்று காரிலேயே இருக்கிறது. இந்த எண்ணம் வந்தபிறகுதான் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். எந்த வேகத்தில் ஆடுகிறது, ஆரம்பத்திலேயே ஆடுகிறதா, இறங்கி டிஸ்க் சூடான பிறகா, கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா. இந்த நோட்டுதான் பிற்பாடு பாதி வேலையை முடித்தது.

வேகம் குறையக் குறைய ஆட்டமும் நிதானமாகிறது என்பது முதல் குறிப்பு. என் கார் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். அறுபதில் போகும்போது சக்கரம் நொடிக்கு ஒன்பது முறை சுற்றும், முப்பதில் நாலரை முறை. ஆட்டம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் குறை சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம். இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின் டிரம்மைச் சந்தேகிக்கலாம். அதை உறுதி செய்ய, காரமடை தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு, முப்பதில் ஓடும்போது ஹேண்ட்பிரேக் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு மெல்ல இழுத்துப் பார்த்தேன். கார் ஆடாமல் வேகம் குறைந்தது. பின் டிரம் நன்றாக இருக்கிறது. இதை மலைச் சாலையிலோ ஈரத்திலோ செய்து பார்க்கக் கூடாது.

மூன்றாவதாகப் போனது வெலிங்டன் பக்கம் ஒரு சின்ன ஷெட். அறுபதை நெருங்கும் ஒரு அண்ணன் தனியாக வேலை பார்க்கிறார். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு, "டீச்சர், காட்டேரி வரைக்கும் இறங்கி ஏறி நேரா இங்க வாங்க. நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க" என்றார். வந்து நின்றதும் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டினார். என்னையும் காட்டச் சொன்னார். முன் இடது சக்கரத்திலிருந்து அடுப்புப் பக்கம் நிற்பதுபோல் அனல் அடித்தது. வலது பக்கம் வெதுவெதுப்புதான். இடது பக்கப் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ஜாக்கி ஏற்றி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார், பிறகு இடமும் வலமுமாக. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் எதிலும் ஆட்டம் இல்லை. இவை தளர்ந்திருந்தால் டிஸ்க்கில் உள்ள சின்னக் குறையும் ஸ்டியரிங்கில் பெரிதாகத் தெரியுமாம். அதனால் முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளை மட்டும் வாஷர் வைத்து டிஸ்க் மேல் முடுக்கி, ஒரு டயல் கேஜை எடுத்தார். டிஸ்க் எவ்வளவு கோணலாகச் சுற்றுகிறது என்று காட்டும், காந்த அடியோடு நிற்கும் சின்னக் கருவி. அதன் முள் டிஸ்க்கின் ஓரத்துக்குச் சற்று உள்ளே தொட்டபடி இருக்க, டிஸ்க்கைக் கையால் ஒரு சுற்று மெல்லச் சுற்றினார். வலது பக்கம் 0.03 மில்லிமீட்டர், இடது பக்கம் 0.12. சிறிய கார்களுக்குப் பொதுவாக 0.05 முதல் 0.1 வரைதான் விடுவார்கள். ஒரு தலைமுடியை விடச் சற்றுக் கூடுதலான கோணல் என் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது என்பதை நம்பவே முடியவில்லை.

பிறகு மைக்ரோமீட்டரால் இடது டிஸ்க்கின் தடிமனை எட்டு இடத்தில் அளந்தார். இடத்துக்கு இடம் 0.03 வரை வித்தியாசம். இங்கேதான் லேத் வேலை ஏன் நிலைக்கவில்லை என்று புரிந்தது. டிஸ்க் கோணலாகச் சுற்றினால், பிரேக் போடாமல் ஓடும்போதுகூட ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசும். ஓட ஓட அந்த இடம் மட்டும் தேயும், அல்லது பேடின் பொருள் அங்கே அப்பிக்கொள்ளும். தடிமன் மாறியதும் பேட் ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கியும் விட்டும் பிடிக்கும். நமக்குத் தெரிவது அந்த விட்டுவிட்டுப் பிடிக்கிற பிடிதான். டிஸ்க் "பெண்டு" என்று எல்லோரும் சொன்னாலும், பெரும்பாலும் உண்மையில் வளைந்திருப்பதில்லை. தடிமன்தான் ஒரே சீராக இல்லாமல் போகிறது.

சரி, புதிதாகச் சீவிய டிஸ்க் ஏன் கோணலாகச் சுற்ற வேண்டும்? டிஸ்க்கை வெளியே எடுத்தார். அது உட்காரும் ஹப்பின் முகத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு. திறந்த வெளியில் நிற்கிற கார், மாதக்கணக்கில் மூடுபனி, ஐப்பசி கார்த்திகை மழை. லேத்தில் எவ்வளவு நேர்த்தியாகச் சீவினாலும் அந்தத் துருவின் மேல் வைத்து முடுக்கினால் டிஸ்க் சாய்ந்துதான் நிற்கும். கம்பி பிரஷ்ஷும் எமெரித் தாளும் கொண்டு ஹப்பைத் தேய்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முந்தைய பட்டறையில் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தாலே பாதிச் செலவு மிஞ்சியிருக்கும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அனலுக்குக் காரணம், பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் உள்ள காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். இடது பக்கத்தில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, பின் இறுகிவிட்டது. உள் பேட் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப் பேட் 7. பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவி, புது ரப்பர் போட்டார். சாதாரணக் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும் என்றார்.

டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமனைப் பொறித்திருப்பார்கள். என்னுடையதில் 15 என்றிருந்தது, அளந்தால் 15.2. இனிச் சீவ இடமில்லை. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட் போட்டோம். மாட்டிய பிறகு மறுபடி கேஜ் வைத்தார். இரண்டு பக்கமும் 0.03. டிஸ்க், பேட், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

பிரேக் ஆயிலையும் அன்றே மாற்றினோம். ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற திரவம் அது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் 140லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் மெத்தென்று கீழே போகும். இறக்கத்தில் ஸ்டியரிங் ஆடினால் இரண்டு நாளில் பட்டறைக்குப் போகலாம். பெடல் கீழே போனால் அந்த இடத்திலேயே கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, ஆறும்வரை நிற்க வேண்டும்.

அண்ணன் என் ஓட்டுதலைப் பற்றியும் கேட்டார். மூன்றாம் கியரில் இறங்கி, பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடியே வருவேன் என்றேன். "ஏறுற கியர்லயே இறங்கணும் டீச்சர்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் கிலோ கார் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. சுமார் ஒன்றரைக் கோடி ஜூல். நாற்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால் முழுதும் அந்த மெல்லிய டிஸ்க்குகளுக்குத்தான் போகும். இரண்டாம் கியரில் பெட்ரோல் வீணாகும் என்ற பயமும் வேண்டாம். இன்ஜெக்ஷன் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து கியரில் இறங்கும்போது பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் எரியும், எஞ்சின் பிடியும் போய்விடும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். பர்லியாரில் பலாப்பழமோ மங்குஸ்தானோ வாங்க நிறுத்தும்போது, சூடான டிஸ்க்கை பேட் கவ்வியபடி இருக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கவ்விய இடத்தில் பேடின் பொருள் அப்பிக்கொள்ள அது போதும். இப்போது முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன்.

மாட்டி மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போய் அளந்தோம். இடது பக்கம் 0.03தான், தடிமனில் வித்தியாசம் இல்லை. சக்கர நட்டுகளைப் பார்த்தபோது மட்டும், நடுவில் ஒருமுறை பஞ்சர் ஒட்டிய கடையில் காற்றுத் துப்பாக்கியால் ஒன்றை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தது தெரிந்தது. நட்டுகள் ஒரே சீராக இறுகாவிட்டாலும் டிஸ்க் மெல்லக் கோணலாகும். எல்லாவற்றையும் தளர்த்தி, ஒன்று விட்டு ஒன்றாக, கார் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மறுபடி முடுக்கினோம். அன்றே மேட்டுப்பாளையத்தில் நட்டை அளவோடு முடுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி டிக்கியில் போட்டுவிட்டேன். இப்போது யார் சக்கரத்தைக் கழற்றினாலும் கடைசியாக நட்டு முடுக்குவது நான்தான்.