நாலாம் நம்பர் குட்டியின் சீரம்

மார்ச் 3, நாள் 0
ஆறு பன்றிக்குட்டிகள், நாலு வார வயது. பி.ஆர்.ஆர்.எஸ். (பன்றிகளுக்கு இனப்பெருக்கக் கோளாறும் மூச்சு நோயும் தருவது) வைரசும் இல்லை, அதற்கான எதிர்ப்பொருளும் இல்லை. சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் கொஞ்சம் தங்கியிருந்தாலும் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். மூக்குத் துவாரத்துக்கு 1 மில்லி வைரஸ், மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், சொட்டுச் சொட்டாக.

மார்ச் 6
நாலாம் நம்பருக்கு 41.1 டிகிரி. தீனி பாதி அப்படியே கிடக்கிறது.

மார்ச் 10, நாள் 7
ஹெபரின் டியூபில் 8 மில்லி ரத்தம். சம அளவு பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) கலந்து, 1.077 அடர்த்தி ஃபிகால் (ரத்த அணுக்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) மேல் சரிவாக ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் 800 ஜி, 25 நிமிடம், 20 டிகிரி. பிரேக் போடக் கூடாது. போட்டால் நடுவில் நிற்கும் வெள்ளையணு வளையம் கலங்கிவிடும். இன்று வளையம் சிவந்தே வந்தது. காரணம் பிரேக் இல்லை, ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த ஃபிகால். குளிர்ந்தால் அது கெட்டியாகி, சிவப்பணு முழுதாக அடியில் இறங்காது. முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

மார்ச் 17, நாள் 14
எலைசாவில் (எதிர்ப்பொருள் சோதனை) ஆறும் பாசிட்டிவ். எஸ்/பி (பாசிட்டிவ் மாதிரியோடு ஒப்பிட்ட அளவு) 0.4 போதும், எல்லாமே 1ஐத் தாண்டிவிட்டன. இதைப் பார்த்து நிம்மதியடைய முடியவில்லை. இந்த எலைசா பிடிப்பது வைரசின் ‘N’ புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை. அந்தப் புரதம் வைரசின் உறைக்குள் இருக்கிறது, அதைப் பிடித்து எதையும் தடுக்க முடியாது. தடுக்க வேண்டிய இடங்களில் ஒன்று ஜிபி5 என்ற உறைப் புரதம், அதன் மேலோ சர்க்கரைப் போர்வை. பிசிஆரில் ஆறிலும் வைரஸ் இன்னும் ஓடுகிறது.

மார்ச் 18
எதிர்ப்பொருள் வைரசைத் தடுக்கிறதா என்ற சோதனை: சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) 56 டிகிரி, 30 நிமிடம். 1:4இல் தொடங்கி இரட்டிப்பு நீர்ப்பு. 100 டிசிஐடி50 (செல் வளர்ப்புகளில் பாதியைத் தொற்றும் அளவு ஒன்று) வைரசோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு மார்க்-145 (குரங்குச் சிறுநீரக) செல் மேல்.

மார்ச் 23
1:4 வெல்லிலேயே (பிளேட்டின் குழி) செல்கள் உருண்டு கழன்று மிதக்கின்றன, வைரஸ் தடுக்கப்படவில்லை. ஆறிலும்.

மார்ச் 31, நாள் 28
இன்டர்ஃபெரான்-காமா எலிஸ்பாட் (அந்தப் புரதத்தைச் சுரக்கும் செல் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி). வெல்லுக்கு 2.5 லட்சம் செல். இன்குபேட்டரில் வைத்த பிளேட்டை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்து இழுபட்டிருக்கிறது. எண்ண முடியாது. கதவில் தாள் ஒட்டியாயிற்று. ஃப்ளோவில் (செல்லின் மேற்பரப்புக் குறிகளைப் பார்க்கும் கருவி) சிடி4, சிடி8 குறிகள் இரண்டும் ஒரே செல்லில் தெரிகிறது. பன்றியில் இது நினைவு டி-செல்லின் அடையாளம். ஆக, ஏதோ நடக்கிறது.

ஏப்ரல் 1
நாள் 28 சீரம் பிளேட்டில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 6
நாலாம் நம்பர், 1:8. செல் விரிப்பு ஓட்டையில்லாமல் படிந்திருக்கிறது. மூன்று வெல்லிலும். மற்ற ஐந்திலும் ஒன்றுமில்லை. அதே சீரம், புது வைரஸ் குப்பி, மறுபடி போட வேண்டும்.

ஏப்ரல் 7, நாள் 35
ஃபிகால் நேற்றே வெளியே வைத்தாயிற்று. பிரேக் 0.