ஐ-864 நாட்குறிப்பு: மனைவி விசாவுக்கு வருமானக் கணக்கு

2025 மார்ச் 3, திங்கள்

அமெரிக்கக் குடியேற்ற விசாவில் மனைவியையோ கணவரையோ அழைப்பவர் (ஸ்பான்சர்), வருபவரைத் தாங்கும் வருமானம் தனக்கு இருக்கிறது என்று கையெழுத்திடும் படிவம் ஐ-864. அதற்கான 2025 வருமான அட்டவணை, ஐ-864பி, மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312, நான்கு பேருக்கு 40,187. அதற்கு மேல் தலைக்கு 6,875 கூட்டிக்கொள்ள வேண்டும். இது வறுமைக் கோட்டின் 125 சதவீதம். ராணுவத்தில் முழுநேரப் பணியில் இருப்பவர் மனைவியையோ பிள்ளையையோ அழைத்தால் 100 சதவீதமே போதும், அதாவது இருவருக்கு 21,150. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனி அட்டவணை, தொகை கூடுதல். போன வருடத்து 25,550ஐ நம்பி விளிம்பில் நிற்பவர்கள் மறுபடி கணக்குப் போட்டுவிடுங்கள்.

மார்ச் 7, வெள்ளி

சம்பளம் குறைந்து திரும்பும் கேஸைவிட, தலை எண்ணியதில் தப்பாகித் திரும்பும் கேஸ்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

கணக்கில் வருபவர்கள்: ஸ்பான்சர், விசா வாங்கும் மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குக் கீழே மணமாகாத எல்லாப் பிள்ளைகளும், வரிக் கணக்கில் சார்ந்தவராகக் காட்டியவர்கள். முதல் திருமணத்துப் பிள்ளை தாயுடன் வேறு ஊரில் இருந்தாலும் எண்ணிக்கையில் உண்டு. ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ண வேண்டியதில்லை.

நம் குடும்பங்களில் விட்டுப்போவது பெற்றோர். குடியுரிமை வாங்கியதும் ஸ்பான்சர் தன் அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு எடுத்திருப்பார். அப்போதும் ஐ-864இல் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பொறுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. பெற்றோர் வருடத்தில் பாதி நாள் திருச்சியில் இருந்தாலும் சரி, அவர்கள் இரண்டு தலை. ஆக, கல்யாணம் ஆன புதிதில் "நாங்கள் இரண்டே பேர்" என்று 26,437 போடுகிறவருக்கு உண்மையில் தேவை 40,187. பெற்றோர் ஐ-407 கொடுத்துக் கிரீன் கார்டை முறையாக விட்டுவிட்டிருந்தால் அந்த இரண்டு தலையும் குறையும்; அதன் நகலை இணைக்க வேண்டும்.

குடியுரிமை உள்ளவர் மனைவியை அழைக்கும்போது பிள்ளை அதே மனுவில் ஒட்டிக்கொண்டு வர முடியாது. பிள்ளைக்குத் தனி ஐ-130 (உறவினரை அழைக்கும் மனு), தனி ஐ-864. கிரீன் கார்டுக்காரர் எஃப்2ஏ பிரிவில் அழைத்தால் பிள்ளை அம்மாவின் கேஸிலேயே வரலாம்.

மார்ச் 19, புதன்

அதிகாரி முதலில் பார்ப்பது இந்த வருடம் பணம் வருகிறதா என்பதைத்தான். போன வருட வரிக் கணக்கு அதற்குச் சாட்சி. போன வருடம் 19,000, ஜனவரியில் கிடைத்த வேலையில் 48,000 என்றால் நடப்பு வருமானம் 48,000 என்று எழுதலாம். ஆனால் ஆதாரம் கெட்டியாக வேண்டும்: கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அவ்வளவு இல்லையென்றால் இருக்கும் வரை, கூடவே சேர்ந்த தேதி, பதவி, ஆண்டுச் சம்பளம், நிரந்தர வேலையா என்பது எழுதிய கம்பெனிக் கடிதம். தலைகீழ் நிலைமைதான் ஆபத்து. போன வருடம் 90,000 காட்டியவர் இப்போது வேலை இல்லாமல் இருந்தால் அந்த 90,000 கைகொடுக்காது.

மனைவி மதுரையில் வாங்கும் சம்பளம் சேராது. அந்த வேலை அமெரிக்காவுக்குக் கூடவே வராது. அவருக்கு அங்கே வேலை தருவதாக ஒரு கடிதம் இருந்தாலும் ஐ-864இல் அதற்கு இடமில்லை.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு கசப்பு. டாக்ஸி ஓட்டி 70,000 வசூல், செலவு கழித்து ஷெட்யூல் சியில் (சொந்தத் தொழில் வருமானத்துக்கான வரித் தாள்) 17,000 என்று வரி கட்டியிருந்தால் எண்ணப்படுவது அந்த 17,000. வரி மிச்சம் பிடித்த அதே கழிவு இங்கே எதிர்க்கட்சி ஆகிவிடும்.

ஏப்ரல் 16, புதன்

நேற்றோடு வரிக் கெடு முடிந்தது. இனி 2023 கணக்கை மட்டும் வைத்தால் "2024 எங்கே?" என்று கேட்பார்கள். நீட்டிப்பு வாங்கியவர்கள் 4868 படிவ நகலையும் 2023 கணக்கையும் சேர்த்து வையுங்கள்.

1040 (வருட வரிக் கணக்குப் படிவம்) நகலைவிட ஐஆர்எஸ் எனும் அமெரிக்க வரித்துறை தரும் டிரான்ஸ்கிரிப்ட் (கணக்கின் சுருக்க நகல்) மேல். ஐஆர்எஸ் இணையக் கணக்கில் நுழைந்தால் இரண்டு மூன்று வகை இருக்கும். வேண்டியது "டாக்ஸ் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்". "அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்" வேறு, அதை ஏற்றினால் திருப்பி அனுப்புவார்கள். இணையத்தில் தாக்கல் செய்தவர்களுக்குச் சில வாரங்களில் வந்துவிடும், காகிதத்தில் அனுப்பியவர்களுக்கு இழுக்கும். காத்திருக்க முடியாதவர்கள் 1040 முழுவதையும், எல்லா ஷெட்யூலோடும் டபிள்யூ-2 (சம்பளச் சான்று), 1099 (பிற வருமானச் சான்று) ஆகியவற்றோடும் வைக்கலாம். படிவம் கேட்கும் "மொத்த வருமானம்" 1040இன் 9ஆம் வரி. டபிள்யூ-2வில் உள்ள தொகையை அங்கே எழுதிவிட்டு முழிப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று: டிசம்பர் 31 அன்று மணமாகியிருந்தால் அந்த வருடம் முழுக்க மணமானவர். 2024 டிசம்பரில் சென்னையில் தாலி கட்டிவிட்டு "சிங்கிள்" என்று கணக்குக் கொடுத்தால், ஒரே கேஸில் கல்யாணச் சான்றிதழ் ஒன்று சொல்லும், வரிக் கணக்கு வேறொன்று சொல்லும். 1040-எக்ஸ் போட்டுத் திருத்திவிட்டு நேர்காணலுக்குப் போவது நல்லது.

ஏப்ரல் 28, திங்கள்

சொத்துக் கணக்கு. வருமானம் 20,000, தேவை 26,437, குறை 6,437. குடியுரிமை உள்ளவர் மனைவியையோ கணவரையோ அழைத்தால் குறையைப் போல மூன்று மடங்கு சொத்து, 19,311. கிரீன் கார்டுக்காரர் அழைத்தால் ஐந்து மடங்கு, 32,185. ஒரு வருடத்துக்குள் பெரிய நஷ்டமில்லாமல் பணமாக்க முடிவதாக இருக்க வேண்டும். வீடு என்றால் மதிப்பிலிருந்து கடனைக் கழித்த மீதி மட்டும். ஒரே ஒரு கார் வைத்திருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது.

விசா வாங்கப்போகும் மனைவியின் சொத்தும் சேரும். இங்கேதான் ஊர் நிலத்தின் பத்திரக் கட்டு வெளியே வருகிறது. பட்டா, வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை, எல்லாவற்றுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்று அலைந்து சேர்த்தாலும், அண்ணன் தம்பி பெயரும் சேர்ந்த நிலத்தை ஒரு வருடத்தில் விற்றுப் பணத்தை டாலராக்க முடியும் என்று அதிகாரியை நம்ப வைப்பது கஷ்டம். மனைவி பெயரிலேயே உள்ள ஃபிக்சட் டெபாசிட் எவ்வளவோ மேல்: வங்கிக் கடிதம் ஒன்று, கணக்குத் தொடங்கிய தேதி, ஒரு வருட ஸ்டேட்மென்ட். இந்தியாவில் வசிப்பவர் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பதால் பணத்தை எடுத்துப்போக முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. போன மாதம் மாமனார் திடீரென்று போட்ட பதினைந்து லட்சம் யாரையும் ஏமாற்றாது.

மே 8, வியாழன்

குறை பெரிதாக இருந்தால் நிலத்தைச் சுற்றாமல் நேரே ஜாயின்ட் ஸ்பான்சரை, அதாவது உங்களோடு சேர்ந்து பொறுப்பேற்கும் இன்னொருவரை, தேடுங்கள். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பி, குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்து, அமெரிக்காவில் வசிப்பவராக இருந்தால் போதும். எச்-1பி நண்பர் எவ்வளவு சம்பாதித்தாலும் முடியாது.

இருவர் வருமானத்தையும் கூட்டிக் காட்ட முடியாது. ஜாயின்ட் ஸ்பான்சர் தனியாகவே எல்லையைத் தாண்ட வேண்டும். அவர் வீட்டில் நால்வர் என்றால் உங்கள் மனைவியையும் சேர்த்து ஐந்து பேர், 47,062 டாலர். அவருடைய மனைவியின் சம்பளமும் தேவைப்பட்டால் அந்த அம்மா ஐ-864ஏயில் (வீட்டில் இருப்பவர் தன் வருமானத்தைச் சேர்க்கும் ஒப்பந்தம்) கையெழுத்திட வேண்டும். மனுதாரர் தன் ஐ-864ஐயும் கொடுத்தே ஆக வேண்டும், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும். இதை விட்டுவிட்டு ஜாயின்ட் ஸ்பான்சரின் படிவத்தை மட்டும் ஏற்றுகிறவர்கள் குறையவே இல்லை.

கையெழுத்துக் கேட்கும் முன் அவருக்கு முழுதாகச் சொல்லிவிடுங்கள். இது சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்குச் சேரும்வரை, அல்லது நாட்டை நிரந்தரமாக விடும்வரை, அல்லது இறக்கும்வரை நீடிக்கும். 2025இல் 1,810 டாலர் சம்பாத்தியத்துக்கு ஒரு காலாண்டு, வருடத்துக்கு நான்குக்கு மேல் இல்லை. விவாகரத்து இதை ரத்து செய்யாது.

மே 20, செவ்வாய்

என்விசி கட்டம், அதாவது நேர்காணலுக்கு முன் கட்டணமும் ஆவணமும் வாங்கிச் சரிபார்க்கும் அமெரிக்க தேசிய விசா மையம். கேஸ் எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் வந்ததும் ஐ-864 கட்டணம் 120 டாலர், விசாக் கட்டணம் ஆளுக்கு 325. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும். ஐ-864இன் எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, ஒரே பிடிஎஃப்பாக வேண்டும். கையெழுத்தைப் பேனாவில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஒரு வருடம் எதுவும் செய்யாமல் விட்டால் கேஸே மூடப்படலாம்.

ஊரிலேயே தங்கிவிட்ட குடியுரிமைக்காரருக்கு வசிப்பிடச் சிக்கல் தனி. மனைவி நுழையும் நாளுக்குள் திரும்பிக் குடியேறப் போகிறேன் என்பதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை உறுதி, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை போன்றவை வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் நேர்காணல் மும்பையில்தான். சென்னைத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா கிடையாது. என்விசி "எல்லாம் சரி" என்று சொல்லிப் பல மாதம் ஆகியிருக்கலாம், அதனால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் புதிய கம்பெனிக் கடிதமும் கையில் இருக்கட்டும். இடையில் வேலை மாறியிருந்தாலோ குழந்தை பிறந்திருந்தாலோ திருத்திய ஐ-864ஐயும் எடுத்துப்போங்கள். வருமானம் போதவில்லை என்றால் 221ஜி சீட்டு (விசாவை நிறுத்திவைத்துக் கூடுதல் ஆவணம் கேட்கும் தாள்) ஒன்று தந்து, பெரும்பாலும் ஜாயின்ட் ஸ்பான்சர் கேட்பார்கள். பதில் தர ஒரு வருடம் உண்டு. அது தாண்டினால் விண்ணப்பமும் கட்டணமும் புதிதாக. மருத்துவப் பரிசோதனை வழக்கமாக ஆறு மாதம்தான் செல்லும் என்பதால், ஆள் தேடி நான்கைந்து மாதம் ஓடிவிட்டால் அதையும் மறுபடி செய்ய நேரும்.