மருந்துக்கு முன்னால் அந்தக் கைகள்

நேற்று இரவு ஆம்புலன்ஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, இதயம் நின்றுபோன அப்பாவின் மார்பை மகள் அழுத்திக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த போன் ஸ்பீக்கரில் கட்டுப்பாட்டு அறைக்காரர் எண்ணிக்கொண்டே இருந்தார். "எலும்பு உடைஞ்ச மாதிரி சத்தம் வந்துச்சு, நிறுத்திடவா?" என்றாள். "நிறுத்தாதேம்மா" என்றபடியே அவள் கைக்கு மாற்றாக என் கையை வைத்தேன். விலா எலும்பு பிறகு கூடிவிடும்.

அட்ரினலின் ஊசிதான் உயிரைத் திருப்பித் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். பிரிட்டனில் இதயம் நின்றுபோன 8014 பேரை வைத்து நடந்த பாராமெடிக்-2 ஆய்வு 2018-இல் வெளியானது. 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பிரிவில் 3.2 சதவீதம், வெறும் உப்புநீர் பிரிவில் 2.4. ஆனால் பிழைத்தவர்களில் கடுமையான மூளைப் பாதிப்பு அட்ரினலின் பிரிவில் 31 சதவீதம், உப்புநீர் பிரிவில் 17.8. இந்த எண்கள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை, நேற்றும் போட்டேன். ஆனால் அதுவரை மூளைக்கு ரத்தத்தைத் தள்ளியது அந்தப் பெண்ணின் கைகள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

துடிப்பு திரும்பியது. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது பார்த்தேன், அவள் விரல்கள் இன்னும் கோத்தபடியே இருந்தன.