வெறுமையான கல்லறையின் முன்னால்

எருசலேமின் பழைய நகரிலுள்ள திருக்கல்லறைப் பேராலயத்திற்குள் நுழைந்ததும், இயேசுவின் உடலை அடக்கத்திற்கு ஆயத்தம் செய்ததை நினைவுகூரும் செந்நிறக் கல் கண்ணில் படுகிறது. அதன்மீது முகம் பதித்து அழுகிறவர்களும், கைக்குட்டையால் அதைத் துடைத்து எடுத்துச் செல்கிறவர்களும் எந்நேரமும் இருக்கிறார்கள். வலப்புறம் செங்குத்தான படிகளில் ஏறினால், இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான கொல்கொதா. இடப்புறம் சிறிது தொலைவு நடந்தால் அவருடைய கல்லறை. சிலுவையில் அறைந்த இடத்திற்கு அருகே ஒரு தோட்டமும், அதில் ஒரு புதிய கல்லறையும் இருந்தன என்று யோவான் நற்செய்தி கூறுவது எத்தனை அண்மையைக் குறிக்கிறது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

கொல்கொதாவின் அடியில் ஆதாமின் பெயரால் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பிளவுண்ட பாறை தெரிகிறது. முதல் மனிதன் அங்கேதான் புதைக்கப்பட்டான் என்பது பழைய மரபு. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆதாமை முன்னிட்டு அனைவரும் சாவுக்கு உள்ளானதுபோல் கிறிஸ்துவை முன்னிட்டு அனைவரும் உயிர்பெறுவர் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அந்தப் பாறை கண்முன் நிறுத்துகிறது, எனக்கு அது போதும்.

பெரிய குவிமாடத்தின் கீழே, கல்லறையைச் சுற்றி 1810இல் எழுப்பப்பட்ட சிறு மண்டபம் நிற்கிறது. நெடுநேரம் வரிசையில் நின்றபின், வானதூதரின் சிற்றறையைக் கடந்து, தாழ்ந்த வாயிலில் நன்றாகக் குனிந்து உள்ளே போனேன். மூன்று நான்கு பேர் மண்டியிட்டாலே நிறைந்துவிடும் இடம். வலப்பக்கம் ஒரு பளிங்குப் பலகை, மேலே தொங்கும் எண்ணெய் விளக்குகள், உருகிய மெழுகின் மணம். வேறு எதுவும் இல்லை. சென்னை சாந்தோமில் இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறைமீது எழுந்த ஆலயத்தில் பலமுறை செபித்திருக்கிறேன். புனிதர்களின் கல்லறைகளை அவர்களின் திருப்பண்டங்களுக்காகவே, அதாவது அங்கே எஞ்சியிருக்கும் அவர்களின் உடற்பகுதிகளுக்காகவே, தேடிப் போகிறோம். இங்கேயோ, எடுத்து வணங்க ஓர் எலும்புத் துணுக்கும் இல்லை என்பதற்காகவே ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாக மக்கள் வருகிறார்கள். காயங்களைக் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்ற அந்தத் தோமாவே, உயிர்த்தவரைக் கண்டபின் அவரை ஆண்டவரென்றும் கடவுளென்றும் அறிக்கையிட்டார்.

கி.பி. 335இல் இங்கே நேர்ந்தளிக்கப்பட்ட, உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆலயம் 1009இல் இடிக்கப்பட்டது. பாறைக் கல்லறையின் பெரும்பகுதியும் அப்போது சிதைந்தது. 2016இல் சீரமைப்புக்காகப் பளிங்குப் பலகையை நகர்த்தியபோது, அதன் கீழே சிலுவை செதுக்கிய இன்னொரு பழைய பலகையும், அதற்கும் அடியில் சுண்ணாம்புப் பாறைப் படுகையும் இருப்பது தெரியவந்தது. இன்று உட்சுவரில் வெட்டப்பட்டுள்ள சிறிய சன்னல் வழியே அந்தப் பாறையைப் பார்க்கலாம்.

பெரும்பாலோர் கவனிக்காமல் செல்லும் ஓர் இடம் மண்டபத்திற்குப் பின்னால் உள்ளது. புகை படிந்த சிரியன் சிற்றாலயத்தின் மூலையில், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யூதக் கல்லறைகள் பாறையில் குடையப்பட்டுள்ளன. கைப்பேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன்: ஓர் உடலைக் கிடத்துமளவுக்கே நீண்ட, கரிய, குறுகிய துளைகள். மறைந்த என் தாயாரை மண்ணில் இறக்கிய நேரம் நினைவுக்கு வந்து, அவ்விடத்திலேயே அழுதேன். ஆன்மா மட்டும் எங்கோ நிலைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை அன்று. எனக்குச் சோறூட்டிய அந்தக் கைகளையும் இறைவன் மாட்சியுடன் எழுப்புவார் என்பதே ஈஸ்டர் எனக்குத் தரும் வாக்குறுதி. பவுல் கிறிஸ்துவை முதற்கனி என்கிறார். முதற்கனி வந்துவிட்டதென்றால் அறுவடை உறுதி.

இப்பேராலயத்தில் பல திருச்சபைகளுக்கும் நேரம் பகிரப்பட்டிருப்பதால், கத்தோலிக்கரின் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவுக்குரிய வழிபாடு, சனிக்கிழமை காலையிலேயே நடைபெறுகிறது. கல்லறை வாயிலுக்கு முன்னால் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தபோது, உடலின் உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் நம்புகிறீர்களா என்று குரு கேட்டார். சுற்றிலும் பல மொழிகளில் விடை எழுந்தது. “நம்புகிறேன்” என்று நான் தமிழில் உரக்கச் சொன்னேன்.