பார்மசி மாணவர்களுக்கு நான் முதலில் காட்டும் தளங்கள்

பார்மகாலஜி வகுப்பில் முதல் வாரமே நான் திறந்து காட்டுவது டெய்லிமெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே பொடி எழுத்துத் தாள், அது முழுசாக இங்கே கிடைக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைத் தேடிப் பாருங்கள். உச்சியிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை: ரத்தக்கசிவு. 7-ஆம் பிரிவில் எந்த மருந்தோடு சேர்ந்தால் சிக்கல் என்று இருக்கும். 12.3-இல் மருந்து எப்படி உறிஞ்சப்படுகிறது, பரவுகிறது, சிதைகிறது, வெளியேறுகிறது என்று இருக்கும். டாக்டர் சீட்டுக்குத் தரும் பெரும்பாலான மருந்துகளுக்கு இதே எண் வரிசைதான். ஒரு தாளைப் பொறுமையாகப் படித்துப் பழகினால் மற்றவை தானாகப் பிடிபடும். நோட்ஸை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து லிவர்டாக்ஸ். மருந்துகளால் கல்லீரலுக்கு வரும் பாதிப்புதான் இதன் பாடமே. பாராசிட்டமாலை இங்கே அசிட்டமினோஃபென் என்ற பெயரில் தேடுங்கள். அளவு மீறும்போது நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் உடலில் தீர்ந்துபோய் நச்சுப்பொருள் கல்லீரல் செல்களைத் தாக்குவதும், அசிட்டைல்சிஸ்டைன் ஏன் முறிவு மருந்தாகிறது என்பதும் ஒரே பக்கத்தில் புரிந்துவிடும்.

மூலக்கூறு அமைப்புக்கு பப்கெம். அந்தத் தளத்தில் ஆஸ்பிரினின் அடையாள எண் 2244. முப்பரிமாணப் படத்தைச் சுழற்றியே பார்க்கலாம்.

இப்படிப் படிப்பதைத் தமிழில் மொழிபெயர்க்க நினைத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்டாட்பேர்ல்ஸ் என்ற தளத்தின் மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கக் காசில்லை, ஆனால் அவற்றைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் மாற்றியமைத்து வெளியிட இடம் தராது. மொழிபெயர்ப்பும் அதில் சேர்த்தி. கிரியேட்டிவ் காமன்ஸிலேயே சிசி பிஒய் (CC BY) வகை உரிமம் உள்ளவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகத் தமிழில் கொண்டுவரலாம். கொண்டுவாருங்கள், திருத்திக் கொடுக்க நான் தயார்.