ஒரு கணினியைச் சுற்றி நாலு கதிரை

1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றபோது எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தோம். பிறகு பொருளாதாரத் தடை. பற்றறிகூட வராது, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் படித்தோம். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். அந்த நாட்களைப் பற்றி, கனடாவில் இருக்கும் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் மூத்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அப்போது டொக்டரின் பிள்ளைக்கும் கூலிக்குப் போகிறவரின் பிள்ளைக்கும் ஒரே இருட்டுத்தான். படிப்பில் பெரிய பள்ளம் விழுந்தது வெளிச்சம் வந்த பிறகு.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் இறங்கியது. யாழ் நகரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கொம்பியூட்டர் வகுப்பு போர்ட் தொங்கியது. வெளிநாட்டில் மாமாவோ அண்ணாவோ இருந்த பிள்ளைகள் ரியூசனோடு சேர்த்து அதற்கும் போனார்கள். எங்கள் கல்லூரிக்கும் கணினிகள் வந்தன. விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய களஞ்சிய அறைக்குப் பெயின்ற் அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு மொனிற்றருக்கும் மனையியல் ரீச்சர் பூப்போட்ட சீலையில் உறை தைத்துக் கொடுத்திருந்தார். திறப்பு அதிபரின் லாச்சிக்குள் இருக்கும்.

ஒரு கணினிக்கு நாலு கதிரை. நகரத்து வகுப்புக்குப் போய்ப் பழகியவன் நடுக் கதிரையில் இருப்பான், மவுஸ் அவன் கையில். மற்ற மூன்று பேரும் எட்டிப் பார்ப்போம். சேர் நல்லவர், ஆளை மாற்றி மாற்றி இருத்திப் பார்த்தார். ஆனால் நாற்பது நிமிடப் பாடத்தில் கணினி உயிர் பெற்று வரவே பத்து நிமிடம் போய்விடும். தெரிந்தவன் செய்தால்தான் வேலை முடியும் என்று கடைசியில் எல்லாரும் நடுக் கதிரையை அவனிடமே விட்டுவிடுவோம்.

என் பக்கத்தில் இருந்த நண்பன் கணிதத்தில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரன். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எடுத்து, கரையோரத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்தவன். பள்ளிக்கூடம் விட்டதும் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறப் போவான். கொம்பியூட்டர் வகுப்புக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. சேர் பிஸ்கற் பெட்டி மட்டையில் கீபோட்டைக் கீறி, எழுத்துகளைக் கறுப்பு மையால் எழுதி அவனுக்குக் கொடுத்தார். அதை மேசையில் வைத்துக்கொண்டு பாமினி என்ற தமிழ் எழுத்துருவின் விசை ஒழுங்கில் தன் பெயரைத் தட்டிப் பழகினான். ஃபைல், எடிட், வியூ என்று ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்பதை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருந்தான். கேட்டால் பிசகாமல் ஒப்புவிப்பான். அந்த வருடம் முழுக்க அவன் உண்மையான மவுசைப் பிடித்ததை நான் அதிகம் காணவில்லை.

வெளிநாட்டிலிருந்து பாவித்த கணினிகள் அனுப்பிய கதையும் உண்டு. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இலங்கையில் 230. அந்தக் காலத்துக் கணினிகளின் பின்பக்கத்தில் சின்னச் சிவப்புச் சுவிச் ஒன்று இருக்கும், அதை மாற்றிவிட்டுத்தான் சொருக வேண்டும். அனுப்பியவர்களும் சொல்லவில்லை, இறக்கியவர்களுக்கும் தெரியவில்லை. முதலாவது பெட்டி டப் என்ற சத்தத்தோடும் புகையோடும் போனது. திருத்த ஊரில் ஆளில்லை. பெட்டியை அனுப்பினால் மட்டும் காணாது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

இருபது வருடத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை வந்தது. கணினி அறையும் சேர்ந்த அரசின் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் ஆயிரம் பாடசாலைகளுக்கு என்று கட்டப்பட்டன. ஆனால் நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரத்துக்கும் மேல். கொரோனாவுக்கு முந்தைய வருடம், 2019 இல், அரசின் புள்ளிவிபரத் திணைக்களக் கணக்கின்படி ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. 2020 பங்குனியில் பள்ளிக்கூடங்களை மூடி, இனி இணையத்தில் படியுங்கள் என்று சொன்னபோது மிச்சம் நாலு வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

என் அக்காவின் மகள் அப்போது ஆசிரியை. நான் மேலே சொன்ன அதே கரையோரப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தாள். பாடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் பகல் முழுக்க ஒரு பதிலும் வராதாம். வீட்டில் இருக்கிற ஒரே போன் தகப்பனோடு கடலுக்கோ சந்தைக்கோ போயிருக்கும். அவர் வந்து, டேற்றா போடக் காசிருந்தால், இரவு எட்டு மணிக்குப் பிறகு கொப்பியைப் படம் எடுத்த விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூத்ததுக்கு ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) என்றால் மற்ற இரண்டும் போனைத் தொட முடியாது. கடைசியில் அவள் பாடத்தைக் கையால் எழுதி, போட்டோக் கொப்பி அடித்து, சந்திக் கடையில் கொடுத்து வைத்தாள். பாண் வாங்க வருகிற தாய்மார் எடுத்துக்கொண்டு போனார்கள். அதே நேரம் இங்கே ரொறன்ரோவில், என் மகளின் வகுப்பில் கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிச் சபையே குரோம்புக் என்ற சின்ன லப்டொப்பை இரவல் கொடுத்தது.

1945 இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால்தான் நாங்கள் எல்லாரும் படித்தோம். 1980 இலிருந்து பாடப்புத்தகமும் இலவசம். கொழும்புப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள். இன்றைக்குத் தகவல் தொழினுட்பப் புத்தகமும் அப்படித்தான் கைக்கு வருகிறது. கணினி வருவதில்லை. 2022 இல் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு, டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியது, எண்ணெய் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் திரும்பவும் மூடின. ஒரு லப்டொப் வாங்கும் யோசனையையே பல பெற்றோர் அப்போது கைவிட்டார்கள்.

இனி எங்கள் சங்கத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரிக்கு நாங்கள் நிறையச் செய்திருக்கிறோம். ஸ்மார்ட் போர்ட் இருக்கிறது, குளிரூட்டிய கணினி அறை இருக்கிறது. சந்தோசம். ஆனால் கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வெளிநாட்டில் ஒரு சங்கம் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே நன்றாகப் படித்த பிள்ளைகள் புலமைப்பரிசில் எடுத்து ஆறாம் வகுப்பில் எங்களிடம் வந்துவிடுகிறார்கள். பிறகு அவர்கள் எங்கள் பழைய மாணவர்கள். அவர்கள் அனுப்புகிற காசும் எங்கள் கல்லூரிக்கே வருகிறது. முதல் எழுத்துச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் போவதில்லை. அங்கேயே மிஞ்சுகிற பிள்ளைகளுக்குத்தான் உதவி கூடத் தேவை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கள் கணினி அறை சனி, ஞாயிறில் பூட்டிக் கிடக்கிறது. சுற்றியிருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அதைத் திறந்துவிடலாம், ஆளுக்கொரு கதிரை, ஆளுக்கொரு மவுஸ். அதிபரோடு போனில் கதைத்தேன். அவருக்குச் சம்மதம்; ஆனால் கரண்ட் பில், பயிற்றுநரின் சம்பளம், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான், பழுதானால் திருத்துகிற செலவு, இவை நாலுக்கும் வழி சொல்லுங்கள் என்றார். நியாயமான கேள்வி. இரண்டாவது ஸ்மார்ட் போர்ட்டுக்கு என்று ஒதுக்கிய பணத்தை இதற்கு மாற்றினால் தொடங்கலாம் என்பது என் எண்ணம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.